அக்சா ஓடுகிற திசை

தேவபிரசாதம் வாயைத் திறந்தால் முத்தையாபுரத்துக் காக்கைகள்கூடக் கம்பியில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் பறக்கும். துறைமுகத்தின் சிக்னல் நிலையத்தில் முப்பத்தொரு வருஷம் தொலைநோக்கியும் கையுமாக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தனை வருஷமும் அவர் எழுதிய பதிவேட்டில் ஒரு சொல் கூடுதல் கிடையாது. மணி என்ன, கப்பல் எது, எந்தத் திசையிலிருந்து வருகிறது, எந்தத் திசைக்குப் போகிறது. பார்த்ததை எழுது, பார்க்காததை எழுதாதே, நினைத்ததை எழுதவே எழுதாதே என்பது அங்கே சட்டம். அப்படி அடக்கி வைத்ததெல்லாம் ஓய்வு பெற்ற மறுநாளே கரை உடைந்து வெளியே வந்துவிட்டது. அவர் சொல்கிற புயலில் அலை மூன்று பனை உயரம் எழும்பும். அவர் சொல்கிற திருக்கைமீன் இழுவைப் படகையே இழுத்துக்கொண்டு மன்னார் வளைகுடாவை ஒரு சுற்று சுற்றிவிட்டு வரும்.

பேத்தி அக்சா வந்து சேர்ந்த பிறகு புயலும் திருக்கையும் பின்பந்திக்குப் போய்விட்டன.

அக்சாவுக்கு நாலரை வயது. தகப்பன் டேவிட்சன் கத்தாரில் இருந்தான். அவள் தாய் ஜெபசுதா இங்கே ஒரு பள்ளியில் வேலை கிடைத்துத் தன் அப்பாவின் வீட்டுக்கே பிள்ளையோடு வந்துவிட்டாள். வந்த முதல் நாளே பிள்ளை செருப்பைப் போடாமல் வாசலைத் தாண்டி ஓடியது. தேவபிரசாதத்துக்கு அன்றைக்கு உண்டான சந்தோஷத்தில் தலைமுடி எல்லாம் கறுத்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

"கதவத் தெறந்தேன். காத்து உள்ள வருது, பிள்ள வெளிய போயிட்டா! என்ன வேகம்ங்கீக? பஸ்ஸ முந்திட்டா! டிரைவரு வண்டிய ஓரங்கட்டி எறங்கி, 'தாயே, நீங்க மொதல்ல போங்க'ன்னு கையெடுத்துக் கும்பிடுதாரு!"

டீக்கடையில் இந்தக் கதை நாளொரு பஸ்ஸாக வளர்ந்து, கடைசியில் முத்துநகர் எக்ஸ்பிரஸ் ரயிலையே முந்தியது. கேட்டவர்கள் சிரித்தார்கள். ஜெபசுதா மட்டும் சிரிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் மழலையர் வகுப்பு கிரேசி டீச்சர் தினமும் ஏதாவது சொல்லி அனுப்பினாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. வரிசையில் நிற்பதில்லை. மற்ற பிள்ளைகள் பாட்டுப் பாடும்போது எழுந்து போய் விடுகிறாள். காதைச் சோதித்தார்கள், சுவருக்கு அந்தப் பக்கம் ஊசி விழுந்தாலும் கேட்கும் காது என்றார்கள். அதன் பிறகுதான் ஜெபசுதா விடுப்புப் போட்டு, பிள்ளையையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு தூத்துக்குடியில் டாக்டர் இசபெல்லாவிடம் போனாள்.

டாக்டருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அக்சாவுக்கு முன்னால் பொம்மைகளைப் பரப்பினாள். அக்சா ஒரு காரை எடுத்தாள், கவிழ்த்தாள், சக்கரத்தைச் சுண்டினாள். நின்றதும் மறுபடி சுண்டினாள். டாக்டர் அதைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அம்மா, ஏ.டி.எச்.டி.ங்கிற கவனக்குறைவு இருக்கிற பிள்ளையும் ஓடும், ஆட்டிசம் இருக்கிற பிள்ளையும் ஓடும். ரெண்டும் கூப்பிட்டா திரும்பாது. ரெண்டும் வகுப்புல உக்காராது. வெளிய இருந்து பாக்கிறவங்களுக்கு ஒண்ணு போலத்தான் தெரியும். ஏ.டி.எச்.டி.ன்னா எதப் பாத்தாலும் கவனம் அங்க போயிரும். காக்கா பறந்தா காக்கா பின்னால, அடுத்த நிமிஷம் பலூன் பின்னால. ஆட்டிசம்னா அந்தப் பிள்ளைக்கு ஒரே ஒண்ணு வேணும். அதத் தேடித்தான் போகும், கெடச்சா அங்கேயே நிக்கும். சில பிள்ளைக்கு ரெண்டும் சேந்தே இருக்கும். இந்த வயசுல அவசரப்பட்டுப் பேரு வைக்க மாட்டேன். அதனால கேக்குறேன். ஓடினா எங்க ஓடுறா?"

ஜெபசுதா வாயைத் திறப்பதற்குள் தேவபிரசாதம் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"எங்க வேணும்னாலும் ஓடுவா டாக்டர்! கண்ணு போற எடமெல்லாம் காலும் போவும். ஒரு நிமிஷம் உக்கார மாட்டா. வெடிச்ச சரவெடி மாதிரி நாலு தெசையிலயும்!"

"அப்பா, அப்படி இல்ல—"

"நீ பள்ளிக்கூடத்துக்குப் போயிருத. மத்தியானம் அவ வந்ததுல இருந்து பாக்குதது நான்தான."

டாக்டர் ஒரு நோட்டைக் கொடுத்தாள். மணி என்ன, அதற்கு முன் என்ன நடந்தது, எங்கே போனாள், தடுத்தால் என்ன செய்தாள். மூன்று வாரம் எழுதிக்கொண்டு வரச் சொன்னாள். "ஐயா, பாத்தத மட்டும் எழுதுங்க."

"பாத்தத மட்டும் எழுதித்தான் டாக்டர் பென்ஷனே வாங்குதேன்!" என்று சிரித்தார் தேவபிரசாதம்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவர் அந்த இரண்டு சொற்களையும் மனசுக்குள் உருட்டிப் பார்த்தார். முதல் சொல் அவருக்குப் பிடித்திருந்தது. அது சேட்டை. அவரும் ஐந்து வயதில் கோயில் மணிக்கூண்டில் ஏறி, மணிக்கயிற்றில் தொங்கி, ஊரையே நடுப்பகலில் ஆராதனைக்கு ஓடிவர வைத்தவர்தான். சேட்டைக்காரப் பிள்ளையைப் பற்றி ஆயிரம் கதை சொல்லலாம். இரண்டாவது சொல்லான ஆட்டிசம் அப்படி இல்லை. அவருடன் வேலை பார்த்த ஒருவரின் வீட்டில் ஒரு பையன் ஜன்னல் கம்பியைத் தட்டிக்கொண்டே இருபது வயது வரை உட்கார்ந்திருந்ததை அவர் பார்த்திருக்கிறார். அந்த வீட்டில் யாரும் அவனைப் பற்றிக் கதை சொன்னதில்லை. பெயர்கூடச் சொன்னதில்லை.

அதனால் தேவபிரசாதம் அந்த நோட்டில் தன் ஆயுளிலேயே எழுதாத எழுத்தை எழுதினார். 'காலை 8.10: ஓடினாள், சூறாவளி போல.' 'பகல் 2: நாற்பத்தேழு முறை ஓடினாள், எண்ணியவன் களைத்துவிட்டேன்.' 'கரண்டு போனது. மேசை மேல் நாற்காலி போட்டு ஏறிவிட்டாள், குரங்கு தோற்றது.' எல்லாம் இருந்தது. எந்தத் திசைக்கு என்பது மட்டும் ஒரு பக்கத்திலும் இல்லை. சிக்னல் நிலையத்தில் அப்படி எழுதியிருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

மே மாதம் வந்தது. மழலையர் வகுப்புக்கு விடுமுறை. ஜெபசுதாவுக்கு மட்டும் விடைத்தாள் வேலை. ஒரு சாயங்காலம் பிள்ளையைக் குளிப்பாட்ட உட்கார்ந்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள். அக்சாவின் இரண்டு கணுக்காலிலும் வெள்ளையாக ஏதோ வளையம் போட்டிருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"அப்பா, பிள்ள கால்ல உப்பு இருக்கு."

"கடல் வரைக்கும் ஓடிட்டு வந்திருப்பா! அலைய வெரட்டிருப்பா!"

"நீங்க கூடப் போனீகளா?"

"பத்தே நிமிஷம் ஏளா. டீக்கடையில பேசிக்கிட்டு நின்னேன். நான் திரும்புததுக்குள்ள வாசல்ல நிக்கா."

பத்து நிமிஷத்தில் உப்பு காய்ந்து வளையம் கட்டாது. ஜெபசுதாவுக்கு அது தெரியும். தண்ணீரை ஊற்றிக் கழுவினாள். மறுநாளும் அந்த வளையம் இருந்தது. அதற்கு மறுநாளும் இருந்தது.

நான்காம் நாள் கோயில் பிரதிஷ்டைப் பண்டிகையின் அசனம். சாதி, மதம், சொந்தம், பந்தம் எதுவும் கேட்காமல் ஊரே ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் நாள். ஆள் இறங்கி நின்று குளிக்கலாம் என்னும்படியான அண்டாக்கள் பதினாறு, கோயிலுக்குப் பின்னால் வரிசையாகக் கொதித்தன. ஓலைப்பாயில் கொட்டிய சோறு பனிமலை போலக் குவிந்திருந்தது. ஆட்டுக்கறிக் குழம்பின் வாசம் கப்பலில் போகிறவனை இறங்கி நீந்தி வர வைக்கும். ஆனால் காற்று மட்டும் அன்றைக்கு வரவில்லை. கொடிமரத்துக் கொடி செத்த பாம்பாகத் தொங்கியது. புகை மேலே போகாமல் பந்தலுக்குள்ளேயே படுத்துக் கிடந்தது.

ஜெபசுதா பெண்கள் பந்தியில் பரிமாறப் போக வேண்டியிருந்தது. போகும் முன் பிள்ளையின் கையை எடுத்து அப்பாவின் கையில் வைத்தாள்.

"கத பேசுங்க, வேண்டாம்னு சொல்லல. கைய மட்டும் விட்டுராதீக."

"ஏளா, கப்பலையே நங்கூரம் போட்டு நிறுத்துன கை இது."

ஒரு கையில் அக்சா. மறு கக்கத்தில் வெயிலுக்குக் கொண்டுவந்த கறுப்புக் குடை. ஒலிபெருக்கி அலறியது. அக்சா ஒரு காதைத் தோளில் அழுத்திக்கொண்டு, எதையும் பார்க்காமல், பிடித்த கையை மட்டும் இழுத்துக்கொண்டே இருந்தாள். ஒரே பக்கமாக இழுத்தாள். தேவபிரசாதம் அதைக் கவனிக்கவில்லை. ஏனென்றால் பண்டிகைக் கமிட்டியின் நேசக்குமார் நெஞ்சில் ரிப்பன் பூவைக் குத்திக்கொண்டு எதிரே வந்து நின்றான்.

"மாமா, ஒங்க பேத்தி பஸ்ஸ முந்துனாளாமே? இவங்க நம்ப மாட்டேங்காங்க."

இவங்க என்றால் ஏழெட்டுப் பேர். ஏழெட்டுப் பேர் கிடைத்தால் தேவபிரசாதத்துக்குப் போதும். ஆரம்பித்தார். கதவு திறந்தது, காற்று வந்தது, பஸ்ஸும் வந்துவிட்டது. அந்தக் கதையைச் சொல்ல இரண்டு கை வேண்டும். வலது கை பஸ், இடது கை பிள்ளை. இடது கைக்குள்தான் பிள்ளையின் கை இருந்தது. பஸ்ஸை முந்துகிற நேரம் மட்டும், ஒரே ஒரு வீச்சுக்கு, அவர் அந்தக் கையை விட்டார்.

பஸ்ஸை முந்திவிட்டுக் கை திரும்பி வந்தபோது பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை.

முதலில் சிரித்தவர் அவர்தான். "பாத்தீகளா? சொல்லி வாய மூடல!" எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அங்கும் இங்கும் பார்த்தார்கள். சிரிப்பு ஒவ்வொருவர் முகத்திலிருந்தும் தனித்தனியாக இறங்கியது.

பிறகு தேடினார்கள். ஐந்நூறு பேர் ஐந்நூறு திசையில் தேடினார்கள். அக்சா எங்கே வேண்டுமானாலும் ஓடுவாள் என்பது முத்தையாபுரம் முழுக்கத் தெரிந்த கதையாயிற்றே. பலூன்காரனிடம் ஓடினார்கள், ஐஸ்வண்டியிடம் ஓடினார்கள். துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார்கள். சமையல்காரர்கள் இருவர் ஒன்றும் பேசாமல் நீளத் துடுப்பை எடுத்து, ரச அண்டாவின் அடியில் விட்டு மெதுவாகத் துழாவினார்கள். அதை நிறைய பேர் பார்த்தார்கள். பார்த்ததாக யாரும் காட்டிக்கொள்ளவில்லை.

"அக்சா பாப்பா, நீ எங்க இருந்தாலும் மேடைக்கு வா. தாத்தா தேடுதாங்க" என்று நேசக்குமார் ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்பச் சொன்னான்.

ஜெபசுதா கையில் குழம்போடு ஓடிவந்தாள். "மைக்க நிறுத்தச் சொல்லுங்க! வீட்டுக்குள்ள பேரச் சொன்னாலே திரும்பாத பிள்ள, மைக்குல சொன்னா வருவாளா?" மைக் நின்றது. அவள் அப்பாவின் சட்டையைப் பிடித்தாள். குழம்புக் கையோடுதான் பிடித்தாள்.

"அப்பா, கத வேண்டாம். அந்த நோட்டு வேண்டாம். நீங்க பாத்தத மட்டும் சொல்லுங்க. ஓடுனா எங்க நிப்பா?"

"எங்க வேணும்னா—"

"அப்பா."

தேவபிரசாதம் வாயை மூடினார். கண்ணையும் மூடினார். சிக்னல் மேடையில் மூடுபனி நாளில் செய்வது போல, தெரிந்ததை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்தார்.

"தையக்கடை. மிசின் சக்கரத்துக்கு முன்னால நிப்பா. கரும்புச்சாறு வண்டி. அதுலயும் சக்கரந்தான். வீட்டுல ஃபேனுக்கு அடியில. கரண்டு போன அன்னைக்கி மேச மேல ஏறுனது சேட்டைக்கில்ல ஏளா. நின்ன ஃபேனக் கையால சுத்திவிடத்தான் ஏறுனா." கண்ணைத் திறந்தார். "வேற எங்கயும் நின்னதில்ல. பஸ்ஸு பின்னால ஒரு நாளும் ஓடல. நாந்தான் சொன்னேன்."

"உப்பு? கால்ல உப்பு எப்படி வந்துச்சு?"

ஒலிபெருக்கி நின்றுபோன அமைதியில், கோயிலுக்குப் பின்னால், உடைமரக் காட்டுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. டுப். டுப். டுப். வருஷக்கணக்காகத் தினமும் காதில் விழுந்து, ஒரு நாளும் கேட்காத சத்தம். தென்கிழக்கு. உப்பளத்தில் சுடலைக்கண்ணு ஓட்டும் ஆயில் இஞ்சின். உப்புத்தண்ணீர்க் கிணற்றின் விளிம்பில், ஆள் உயரச் சக்கரத்தோடு நிற்கும் இஞ்சின்.

தேவபிரசாதம் ஓடினார். அறுபத்தெட்டு வயது முழங்கால் இரண்டும் 'எங்களை விட்டுவிடும்' என்று கதறின. உடைமுள் சட்டையைக் கிழித்தது. சத்தம் இருக்கிற வரைக்கும் பயமில்லை. சக்கரம் சுற்றுகிற வரைக்கும் அவள் உட்கார்ந்திருப்பாள். நின்றால்? நின்ற ஃபேனுக்கு மேசை மேல் ஏறியவள், நின்ற சக்கரத்துக்கு எதன் மேல் ஏறுவாள்? அப்போதுதான் அவருக்குக் காலையில் தன் வாயால் சொன்னது ஞாபகம் வந்தது. 'ஏலே சுடல, பன்னெண்டரைக்கெல்லாம் இஞ்சின அமத்திட்டு வந்துரு. மொதப் பந்தியில ஒனக்கு எடம் போட்டு வைக்கேன்.'

மணி பன்னிரண்டு இருபத்தெட்டு.

உடைமரம் முடிந்ததும் வெள்ளை. பாத்தி பாத்தியாக, கண் கூசும் வெள்ளை. உப்பு அம்பாரங்கள் ஓலை போர்த்திக்கொண்டு வரிசையாகக் கிடந்தன. நடுவில் கிணறு. சுற்றுச்சுவர் எப்போதோ இடிந்துபோன கிணறு. இஞ்சின் சக்கரத்துக்கும் கிணற்றுக்கும் இடையே இரண்டடி அகலத்தில் ஒரு திட்டு. அந்தத் திட்டில், ஒரு பழைய தகர டிரம்மின் பக்கத்தில், கிணற்றுக்கு முதுகைக் காட்டி, சக்கரத்துக்கு முகத்தைக் காட்டி அக்சா உட்கார்ந்திருந்தாள். அசையவே இல்லை. ஒரு நிமிஷம் உட்காராத பிள்ளை கல்லில் செதுக்கி வைத்தது போல உட்கார்ந்திருந்தது.

இஞ்சினின் மறுமுனையில் சுடலைக்கண்ணு கால் கழுவிக்கொண்டிருந்தான். டிரம் மறைத்ததில் அவனுக்குப் பிள்ளை தெரியவில்லை.

"நிறுத்தாதலே!" என்று தேவபிரசாதம் கத்தினார். இஞ்சின் சத்தம் அதைத் தின்றுவிட்டது. குடையை உயர்த்தி இடமும் வலமுமாக ஆட்டினார். கப்பல்காரனுக்கு அதன் பொருள் 'இருக்கிறபடியே இரு.' சுடலைக்கண்ணுவுக்கு அதன் பொருள் சாப்பாடு ஆறுகிறது, சீக்கிரம் வா. அவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, 'இந்தா வாரேன் அண்ணாச்சி' என்பது போலக் கையை ஆட்டிவிட்டு, இஞ்சினை அமர்த்தினான்.

டுப். டுப். டு.

அப்படி ஓர் அமைதியை அந்த உப்பளம் கண்டதில்லை. சக்கரம் மட்டும் போன வேகத்தில் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. மெல்ல மெல்ல அதன் ஆரக்கால்கள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தன. அக்சா எழுந்து நின்றாள். அவள் குதிகால் திட்டின் விளிம்பில் இருந்தது. அங்கிருந்து உப்புப் பொருக்கு ஒன்று உடைந்து விழுந்தது. தண்ணீரில் அது விழுந்த சத்தம் கேட்க நெடுநேரம் ஆயிற்று.

பின்னால் உடைமரத்தைப் பிளந்துகொண்டு கூட்டம் வந்தது. "பாப்பா!" என்று நேசக்குமார் அலறினான். ஜெபசுதா இரண்டு கைகளையும் விரித்து அவர்கள் அனைவரையும் தடுத்து நின்றாள். வாயில் விரலை வைத்து, கண்ணால் கெஞ்சினாள்.

தேவபிரசாதம் பிள்ளையை நோக்கிப் போகவில்லை. விலகி, சக்கரத்தின் அந்தப் பக்கத்துக்குப் போனார். அப்பாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று ஜெபசுதா நினைத்தாள். ஆனால் சிக்னல்காரனுக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். மாலுமி எங்கே பார்க்கிறானோ அங்கே போய் நில். அவன் பார்வையை உன் பக்கம் இழுக்கப் பார்க்காதே. அக்சா சக்கரத்தைப் பார்க்கிறாள். அப்படியானால் சக்கரத்துக்குப் பின்னால் நிற்க வேண்டும்.

அங்கே போய்க் குடையை விரித்தார். ஆரங்களின் இடைவெளியில் அவள் முகம் தெரிந்தது. வலது கை சக்கரத்தை நோக்கி நீண்டுவிட்டது. அவர் குடைக்காம்பை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தயிர் கடைகிற மாதிரி சுழற்றினார். கறுப்புக் குடை சுழன்றது. கம்பி நுனிகளில் வெயில் பட்டு ஒரு வெள்ளை வளையம் ஓடியது. பெயரைச் சொல்லவில்லை. வாவென்று சொல்லவில்லை. ஓய்வு பெற்ற பிறகு தேவபிரசாதம் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததே கிடையாது.

நீண்ட கை நின்றது. கண் ஆரத்தைத் தாண்டி வந்தது. அக்சா பக்கவாட்டில் ஓர் அடி வைத்தாள். இன்னோர் அடி வைத்தாள். டிரம்மைப் பிடித்துக்கொண்டாள். டிரம் ஆடியது. கூட்டத்தில் யாரோ ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். அக்சா டிரம்மை விட்டுவிட்டு மூன்றாவது அடி வைத்தாள். திட்டு முடிந்தது. அவர் குடையைச் சுழற்றிக்கொண்டே ஓர் அடி பின்னால் போனார். அவள் ஓர் அடி வந்தாள். அவர் போனார், அவள் வந்தாள். அம்பாரத்தின் ஓலையில் அவர் முதுகு முட்டியபோது ஜெபசுதா பின்னால் வந்து பிள்ளையை வாரிக்கொண்டாள். அவர் கை தளர்ந்தது. குடை நின்றது. உடனே அக்சா உப்பளமே அதிர அலறினாள்.

சுடலைக்கண்ணு, பிள்ளையைத் தாங்க நீட்டிய வெறுங்கையோடு நின்றான்.

"அண்ணாச்சி, இது ஒங்க பேத்தியா? மூணு நாளா வருதே இந்தப் பிள்ள. ஒரு மணி நேரம் ஆடாம அசையாம அந்த டிரம்மு பக்கத்துல உக்காந்திருக்கும். இஞ்சின் நின்னா நானே கொண்டாந்து தெருமுக்குல விட்டுட்டுப் போவேன். இன்னைக்கும் பாத்தேன், எப்பவும் உக்காருத எடத்துல காணோம். காலையில டிரம்ம அந்தப் பக்கம் உருட்டிவிட்டேன், அது டிரம்மு கூடயே போயிருக்கு."

"எங்கிட்ட ஏம்லே சொல்லல?"

"யாரு வீட்டுப் பிள்ளன்னே தெரியாதே. தேவபிரசாதம் அண்ணாச்சி பேத்தியா இருக்குமோன்னு மொத நாளு நெனச்சேன். பெறவு, ஒரு நிமிஷம் உக்காராத பிள்ளைன்னு நீங்கதான டீக்கடையில சொன்னீக. இது அப்படி இல்லையேன்னு விட்டுட்டேன்."

தேவபிரசாதம் கிணற்றின் விளிம்புக்குப் போனார். குனிந்து பார்த்தார். அதில் அவர் முகம் மிகச் சின்னதாக, கறுப்பாகத் தெரிந்தது.

அடுத்த வாரம் டாக்டர் இசபெல்லாவிடம் அவர் பழைய நோட்டைக் கொடுக்கவில்லை. புதிய நோட்டு ஒன்றைக் கொடுத்தார். ஆறே நாள், ஒரு நாளைக்கு ஏழெட்டு வரி. 'காலை 9.15. கிழக்கு. தையல்கடை. மிஷின் ஓடியவரை நின்றாள், 35 நிமிஷம். கடைக்காரர் எழுந்ததும் அழுகை, 20 நிமிஷம்.' 'மாலை 4. காக்கைக்கூட்டம் இறங்கியது. பார்க்கவில்லை.' டாக்டர் அதை இரண்டு முறை படித்தாள்.

"இத வச்சுப் பாத்தா ஆட்டிசம் பக்கம்தான் நான் முதல்ல பாக்கணும். ஆனா நோட்ட மட்டும் வச்சு முடிவு பண்ண மாட்டேன். முறையா ரெண்டு நாள் உக்காந்து பாக்கணும். கவனக்குறைவும் கூட இருக்கலாம், அதையும் விட்டுர மாட்டேன்." பிறகு நிமிர்ந்தாள். "ஐயா, அந்த முதல் நோட்டு?"

"அதுல இருந்தது நான், டாக்டர்" என்றார் தேவபிரசாதம். "பிள்ள இல்ல."

டீக்கடையில் ஒரு மாதம் வரை அந்தக் கதையைக் கேட்டுப் பார்த்தார்கள். குடையால் இஞ்சினையே நிறுத்தினாராமே, கிணற்றைத் தாண்டிக் குதித்தாராமே என்று அவரவர் பங்குக்கு எடுத்துக் கொடுத்தார்கள். அவர் கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "குடையச் சுத்துனேன். வந்தா." அதற்கு மேல் ஒரு சொல் பெயரவில்லை.

இப்போது வாசல் கதவில் ஆள் உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் இருக்கிறது. கிணற்றைச் சுற்றிச் சுவர் கட்டுவதாக உப்பளத்துக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள், கல் இறங்கவில்லை. காலை ஆறு மணிக்கு தேவபிரசாதம் கதவுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்காருகிறார். மடியில் நோட்டு. பக்கத்தில் குடை. இஞ்சின் சத்தத்தைக் கொண்டுவரும் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று முதலில் பார்த்துக்கொள்கிறார்.

இன்றைய பக்கத்தில் இதுவரை இரண்டு வரி இருக்கிறது.

'6.40. தென்கிழக்கு. இஞ்சின் ஓட ஆரம்பித்தது.'

'6.41. தூக்கத்திலிருந்து எழுந்தாள். கதவருகே நிற்கிறாள். தாழ்ப்பாளைப் பார்க்கிறாள். நாற்காலியைப் பார்க்கிறாள்.'